ஏழு வரி எழுதிய தாள்

(பரிசளிப்பு விழாவில் சதுரங்கக் கழகப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)



புறப்பாட நடவடிக்கைகளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும்படி தலைமையாசிரியர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். ஓட்டப் போட்டி, பந்து விளையாட்டு, திருக்குறள் மனனம், கோலப் போட்டி எல்லாவற்றையும் ஆண்டறிக்கையில் வாசித்தாகிவிட்டது. வென்ற பிள்ளைகள் இன்னும் சற்று நேரத்தில் மேடைக்கு வந்து கோப்பை வாங்கப் போகிறார்கள். ஆகவே, கோப்பை எதுவும் கிடைக்காத சதுரங்கக் கழகத்தைப் பற்றி, அதிலும் போன ஆண்டு மாவட்டப் போட்டியில் நம் மாணவன் ஒருவன் தோற்ற ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். பேசலாமா என்று அவனிடமே முதலில் அனுமதி கேட்டேன். "பேசுங்க சார், பேரு மட்டும் வேணாம்" என்றான். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நம் பள்ளியில் சதுரங்கம் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ், சீன நாட்டு டிங் லிரெனைப் பதினான்கு ஆட்டங்களில் முந்தி, பதினெட்டு வயதிலேயே உலகப் பட்டத்தை வென்றார். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே நடந்ததை நம் பிள்ளைகள் அப்பாவின் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறார்கள். பள்ளி திறந்ததும் ஒரே நச்சரிப்பு. "சார், நம்ம பள்ளியில செஸ் கிளப் வைங்க சார்." பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆறு பலகை வாங்கிக் கொடுத்தது. கடிகாரம் ஒன்று நான் வாங்கினேன். புதன்கிழமை மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் கழகம் கூடியது.

நான் சதுரங்க வீரனல்ல என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் கல்லூரி விடுதியில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அறைத் தோழனிடம் கற்றுக்கொண்டதுதான். பத்து ஆட்டம் ஆடினால் எட்டில் தோற்பேன். கல்லூரி எனக்குச் சான்றிதழ் கொடுத்தது கணிதமும் தமிழும் கற்பிக்கத்தான், இதற்கு அல்ல.

முதல் வில்லங்கம் காய்களின் பெயரில் வந்தது. தமிழ்ப் புத்தகத்தில் மூலையில் நிற்கும் காய்க்கு யானை என்று பெயர். அது நேராக ஓடும். மலாயில் கஜா என்றாலும் யானைதான், ஆனால் அங்கே கஜா என்பது பிஷப். அது குறுக்கே ஓடும். நம்மவர் சிலர் பிஷப்பை மந்திரி என்கிறார்கள். மலாயிலோ மெந்திரி என்பது ராணி. மூலைக் காய்க்கு மலாயில் தீர் என்று பெயர். அது நம் தேர்தான் என்று சொல்வார்கள். இப்படி நம் வீட்டுச் சொற்களே இடம் மாறி உட்கார்ந்திருப்பதைக் கண்டு பிள்ளைகள் திண்டாடிவிட்டார்கள். போட்டியில் நடுவர் மலாயில்தான் பேசுவார். அதனால் எங்கள் கழகத்தில் ராஜா, ராணி, குதிரை, சிப்பாய் ஆகியவை தமிழிலும், பிஷப், ரூக் இரண்டும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டோம். தனித்தமிழ் அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

கழகம் தொடங்கிச் சில வாரந்தான் ஆகியிருக்கும். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கேட்டு மடல் வந்துவிட்டது. இரண்டே வாரம். பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் தனிப் பயிற்றுநர் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்வி. நம் பிள்ளைகள் ஐந்து ஆட்டத்திலும் தோற்று அழுதுகொண்டே திரும்பி வந்தால் என்ன செய்வது? இந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். நான்கே நகர்த்தலில் ஆட்டத்தை முடிக்கும் தந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தேன்.

சதுரங்கம் தெரியாத தாய்மார்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பலகையில் அறுபத்து நான்கு கட்டம். பக்கவாட்டில் ஏ முதல் எச் வரை எழுத்து, மேலே போகப் போக 1 முதல் 8 வரை எண். வீட்டு முகவரி மாதிரிதான். கறுப்பு ராஜாவுக்குச் சற்றுத் தள்ளி, எஃப்-7 என்ற கட்டத்தில் ஒரு சிப்பாய் நிற்கிறான். ஆட்டத் தொடக்கத்தில் அவனுக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. வெள்ளை முதலில் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இ-4க்குத் தள்ளுகிறது. அடுத்து பிஷப்பை சி-4இல் வைக்கிறது. அது குறுக்கே எஃப்-7ஐப் பார்க்கிறது. மூன்றாவதாக ராணி எச்-5க்கு வருகிறாள். அவளும் எஃப்-7ஐத்தான் பார்க்கிறாள். எதிரி கவனிக்காவிட்டால் நான்காவது நகர்த்தலில் ராணி அந்தச் சிப்பாயை வெட்டுகிறாள். பின்னால் பிஷப் காவல் இருப்பதால் ராஜா அவளைத் தொட முடியாது. ஓடவும் இடமில்லை. ஆட்டம் முடிந்தது.

இது பழைய தந்திரம். 1656ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு சதுரங்க நூலிலேயே இதற்கு 'ஸ்காலர்ஸ் மேட்' என்று பெயர் இருக்கிறது. ஸ்காலர் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றும் பொருள் உண்டு. பெயரே நம்மைப் பார்த்து வைத்தது போல இருக்கிறதல்லவா?

ஐந்தாம் ஆண்டு மாணவன் அவன். அவன் அப்பா இந்தத் தோட்டத்தில் இன்னும் குலை வெட்டுகிற நம்மவர்கள் சிலரில் ஒருவர். அவன் இந்த நான்கு நகர்த்தலையும் வாய்ப்பாடு மாதிரி பாடம் செய்துவிட்டான். கழகத்தில் இருந்த எல்லோரையும் ஒருமுறை வென்றான். என்னையும் ஒருமுறை, நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது வென்றுவிட்டான். அவனுடைய சந்தோஷத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். போட்டிக்கு முன்னால் ஒன்று மட்டும் சொன்னேன்: "ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதி வை."

போட்டியன்று காலை ஆறு மணிக்கு வேன். மண்டபத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்து நிமிடம். முதல் சுற்றில் வெள்ளைக் காய் கிடைத்தது. எதிரே உட்கார்ந்த பையன் ராணி வந்ததைக் கண்டு அவளை விரட்டுவதற்காகக் குதிரையை எடுத்தான். நான்காவதில் முடிந்தது. இரண்டாம் சுற்றில் கறுப்பு. அந்தப் பையன் நம் பையனைவிடப் புதியவன், ராணியைத் தூக்கிக் கொடுத்தே தோற்றான். இரண்டுக்கு இரண்டு! நான் வெளியே ஓடி வந்து தலைமையாசிரியருக்கு அழைத்துச் சொன்னேன். அவர்கள் ஒலிபெருக்கியில் பள்ளி முழுவதும் சொல்லிவிட்டார்கள். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

மூன்றாம் சுற்றில் வென்றவர்களை வென்றவர்களோடு மோத விடுவார்கள். அதுதான் இப்போட்டிகளின் முறை. நம் பையனுக்கு மறுபடியும் வெள்ளை. எதிரே ஒரு சீனப் பள்ளி மாணவி, அவனைவிட ஒரு பிடி உயரம் குறைவு, மூக்குக் கண்ணாடி. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிப்பாய் இ-4, அவளும் சிப்பாய் இ-5. பிஷப் சி-4, அவள் குதிரை சி-6. ராணி எச்-5. நம் பையன் வைத்த வேகத்தில் பக்கத்துப் பலகையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஜி-7 சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளினாள். அவ்வளவுதான், ராணியின் பாதை அடைபட்டது, ராணிக்கே ஆபத்து. நம் பையன் ராணியை எஃப்-3க்கு இழுத்து, நேராக மறுபடியும் எஃப்-7ஐப் பார்த்தான். அவள் இன்னொரு குதிரையை எஃப்-6இல் வைத்து அதையும் மறைத்தாள். அவன் விடவில்லை. ராணியை பி-3க்குக் கொண்டுபோய், பிஷப்பின் பின்னால் நிறுத்தி, மறுபடியும் அதே எஃப்-7. மூன்று முறை ஒரே கதவைத் தட்டினான்.

இப்போது அவள் அந்தக் கதவைக் காக்கவே இல்லை. சி-6இல் இருந்த குதிரையைத் தூக்கி நடுப் பலகையில் டி-4இல் வைத்தாள். அது ராணியைக் குறி பார்த்தது. நம் பையன் சந்தோஷமாகப் பிஷப்பால் எஃப்-7ஐ வெட்டி, "செக்" என்றான். ராஜா ஒரு கட்டம் முன்னால் வந்து இ-7இல் நின்றான். இப்போது ராணியையும் காப்பாற்ற வேண்டும், எதிரி ராஜாவின் பக்கத்தில் தனியாக நிற்கும் பிஷப்புக்கும் காவல் விடக்கூடாது. இரண்டுக்கும் ஏற்ற கட்டம் ஒன்றே ஒன்றுதான், சி-4. அங்கே வைத்தான். அவள் பி-7 சிப்பாயை பி-5க்குத் தள்ளினாள். ஒரு சாதாரணச் சிப்பாய், அதுவும் ராணியைக் குறி பார்த்து!

ராணி நகர்ந்தால் பிஷப் போச்சு. நகராவிட்டால் ராணியே போச்சு. நம் பையன் முதல் தடவையாகக் கையைப் பலகையிலிருந்து எடுத்தான். கடிகாரத்தில் அவன் செலவழித்தது இரண்டு நிமிடங்கூட இருக்காது. பதற்றத்தில் ராணியால் டி-4 குதிரையை வெட்டினான். அதற்கு இ-5 சிப்பாய் காவல். ராணியும் போனாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் இழுத்தான், அவ்வளவுதான். நான்காம் சுற்றும் ஐந்தாம் சுற்றும் அவன் ஆடவே இல்லை என்று சொல்ல வேண்டும், உட்கார்ந்திருந்தான். மொத்தம் இரண்டு புள்ளி.

வேனில் ஏறும்போது என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "நீங்க சொன்னதத்தானே சார் போட்டேன்."

பெரியோர்களே, பதினோரு வருட ஆசிரியப் பணியில் எவ்வளவோ பேச்சு வாங்கியிருக்கிறேன். பெற்றோர் திட்டியதுண்டு, மேலதிகாரிகள் கடிந்ததுண்டு. இந்த ஒரு வாக்கியம் மாதிரி எதுவும் என்னைத் தைத்ததில்லை. ஏனென்றால் அது உண்மை. அவன் கையில் இருந்த தாளில் ஏழு வரி இருந்தது. எட்டாவது வரியிலிருந்து காலி. நான் கொடுத்த பாடமும் அவ்வளவுதான்.

இதைக் கேட்டால் இன்னொரு பழைய ஞாபகமும் வருகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்படும் வரைக்கும் ஆறாம் ஆண்டில் கட்டுரைகளை மனனம் செய்ய வைத்தவர்களில் நானும் ஒருவன். மழைக்காலக் காலை, பூந்தோட்டம், பொங்கல், மூன்று கட்டுரை தயாராக இருக்கும். கேள்வியில் சந்தை வந்துவிட்டால் பிள்ளை பூந்தோட்டத்தையே சந்தைக்குள் கொண்டுவந்து நட்டுவிடுவான். திருத்தும்போது சிரிப்பு வரும். அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான் என்பது அப்போது உறைக்கவில்லை.

மண்டபத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாம் சுற்று முடிந்ததும் அந்தப் பெண்ணின் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, காய்களை மறுபடியும் அடுக்கச் சொன்னார். நம் பையன் வரவில்லை. நான் மட்டும் போனேன். இதை நீ மனனம் செய்தாயா என்று அந்தப் பெண்ணிடம் மலாயில் கேட்டேன். இல்லை என்றாள். "அவன் ராணி ஓடும்போதெல்லாம் எனக்கு ஒரு காய் வெளியே வருகிறது" என்றாள். பத்து வயதுப் பிள்ளை! நான் அந்த ஏழு நகர்த்தலை எண்ணிப் பார்த்தேன். நம் பையனுடைய ஏழில் நான்கு ராணிக்கே போயிருக்கிறது, இரண்டு அந்த ஒரே பிஷப்புக்கு, ஒன்று சிப்பாய்க்கு. இரண்டு குதிரையும் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்கோ இரண்டு குதிரையும் களத்தில்.

மூன்று வாரம் அவன் கழகத்திற்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த எனக்கு முகமில்லை. அந்த மூன்று வாரமும் நான் படித்தேன். ராணி என்ற காய் பழைய நாளில் இவ்வளவு வேகமாக ஓடவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நம் நாட்டுச் சதுரங்கத்திலும் பாரசீக, அரபு நாட்டு ஆட்டத்திலும் அவ்விடத்தில் நின்றது மந்திரி. குறுக்கே ஒரே ஒரு கட்டம் நகர்வார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டில்தான் அவர் பலகை முழுக்க ஓடும் ராணியானார். 1497இல் சலமான்காவில் லூசேனா என்பவர் அச்சிட்ட நூலில் பழைய முறை, புதிய முறை இரண்டுமே இருக்கின்றன. ஆக, இந்த நான்கு நகர்த்தல் தந்திரம் நம் முன்னோர் ஆட்டத்தில் முடியவே முடியாது. மெதுவாகத்தான் ஆடியிருக்கிறார்கள்.

நான்காவது வாரம் அவன் வந்தான். கையில் அதே தாள், மடித்து மடித்துக் கிழியும் நிலையில். "எட்டாவதா நான் என்ன சார் போட்டிருக்கணும்?" என்றான். பலகையை எடுத்து வைத்தோம். எட்டாவதில் எதைப் போட்டாலும் ஒரு காய் நட்டம். "அப்ப ஏழாவதுல?" ஏழாவதிலும் அதே. பின்னாலேயே போனோம். ஐந்தாவதில் ராணியை ஓட்டாமல் குதிரையை இ-2இல் வைத்திருந்தால் டி-4 கட்டத்துக்குக் காவல் வந்திருக்கும். அந்தப் பெண்ணின் குதிரை அங்கே வந்து குதிக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு புதன்கிழமை முழுக்க ஆயிற்று. அடுத்த புதன்கிழமை அவனே சொன்னான்: "சார், மூணாவதுலயே தப்பு. குதிரை நிக்க வேண்டிய எடத்துல ராணி போய் நிக்குது சார்."

உண்மைதான். எஃப்-3 குதிரைக்கு உரிய இடம். அன்றிலிருந்து நாங்கள் மூன்றாவதில் ராணியை எடுப்பதில்லை. முதலில் சிப்பாய் இ-4, பிறகு குதிரை எஃப்-3; அது இ-5 சிப்பாயைக் கேள்வி கேட்கிறது, அவன் குதிரை சி-6இல் வந்து பதில் சொல்கிறது. மூன்றாவதாகத்தான் பிஷப் சி-4. இத்தாலிய ஆட்டம் என்று பெயர். நானூறு ஆண்டுக்கு முன்பே கிரேக்கோ என்ற இத்தாலியர் இதன் கிளைகளைக் கையெழுத்து ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார். கறுப்பும் தன் பிஷப்பை சி-5இல் வைத்துவிட்டால் அதற்கு அவர்கள் மொழியில் 'ஜுவோக்கோ பியானோ' என்கிறார்கள். அமைதியான ஆட்டம் என்று பொருளாம். அதே பிஷப், அதே சி-4, அதே எஃப்-7ஐத்தான் பார்க்கிறது. ஆனால் ஆறாவது நகர்த்தலுக்குள் ராஜா கோட்டைக்குள் போய்விடுகிறான், குதிரை வெளியே வந்திருக்கிறது, ராணி வீட்டிலேயே இருக்கிறாள். பிள்ளைகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "எப்ப சார் ஜெயிக்கிறது?" என்று கேட்டார்கள். தெரியாது என்றுதான் சொன்னேன்.

இவ்வாண்டு மாவட்டப் போட்டிக்கு மறுபடியும் போனோம். அவன் இப்போது ஆறாம் ஆண்டு. ஐந்து சுற்றில் இரண்டரைப் புள்ளி. போன ஆண்டைவிட அரைப் புள்ளி அதிகம், அவ்வளவுதான். கோப்பை பத்து இடத்துக்கு அப்பால் நின்றுவிட்டது. நான்காம் சுற்றில், பட்டணத்துப் பள்ளியின் முதல் பலகை ஆட்டக்காரனோடு அமைதியான ஆட்டம் ஆடினான். மண்டபத்தில் மற்ற பலகைகள் எல்லாம் முடிந்து, காய்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் ஆளுக்கொரு ரூக், மூன்று சிப்பாய் என்று உட்கார்ந்திருந்தார்கள். அவன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்ததல்ல அது. அன்று ஓய்வு எடுத்து வந்திருந்த அவன் அப்பா என் பக்கத்தில் வந்து, "என்ன வாத்தியாரே, ஜெயிக்கிறானா?" என்று கிசுகிசுத்தார். "தெரியலைங்க" என்றேன். "அப்ப சரி, இன்னும் ஆடுறான்ல" என்றார். நாற்பத்தாறாவது நகர்த்தலில் கைகொடுத்து சமன் செய்துகொண்டார்கள். அந்த அரைப் புள்ளிதான் இது.

இந்த நான்கு நகர்த்தல் தந்திரத்தை இப்போது கழகத்தில் இரண்டாம் ஆண்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக் கொடுக்கிறான். ஒளிப்பதில்லை. ஆனால் கறுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, ஜி-6லிருந்து தொடங்குகிறான்.

இறுதியாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கழகத்தில் இப்போது பதினெட்டுப் பிள்ளைகள். கடிகாரம் ஒன்றே ஒன்று. இன்னும் இரண்டு இருந்தால் போதும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஏழு வரித் தாளையும் நாற்பத்தாறு வரித் தாளையும் நூல்நிலையக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஏழு வரித் தாள் கிழிந்துவிட்டதால் பின்னால் அட்டை ஒட்டியிருக்கிறான். சாப்பிடப் போகும் வழிதான், நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.